கரண்ட் போனால் கேட்கும் விசாகப்பட்டினம்

மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலியில் தூரத்து நிலையங்களைப் பிடிக்கப் பெரிய ஆன்டெனா வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது இருட்டு, அடுத்தது மின்வெட்டு.

பகலில், வானில் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் அடியிலுள்ள டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிடுவதால், அலை இன்னும் மேலே போய்த் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். ஆனால் எல்இடி பல்பும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து போடும் இரைச்சலில் அது எங்கே காதில் விழுகிறது? 2012 மின்வெட்டுக் காலத்தில் ஊரே திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் மொட்டை மாடியில் டிரான்சிஸ்டரோடு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். (வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.)

எனக்குத் திருச்சி. உள்ளூர் நிலையம் 936 கிலோஹெர்ட்ஸ். 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 927இல் விசாகப்பட்டினம். முள்ளை அங்கே கொண்டுபோனாலும் திருச்சிதான் வழிந்து கேட்கும். பெட்டிக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்கு ஒரு குணம் உண்டு: அதன் முனை எந்த நிலையத்தைப் பார்க்கிறதோ, அது மங்கிவிடும். ஒரு மின்வெட்டு இரவில் செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓரிடத்தில் திருச்சி அடங்கி, அடியிலிருந்து தெலுங்குப் பேச்சு எழுந்தது. இம்மி நகர்த்தினாலும் மறுபடி திருச்சி. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நிலையத்தின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்து அலை மங்குவது இந்தப் பொழுதுபோக்கின் சாபம். அன்று ஒருவழியாக "ஆகாசவாணி, விசாகபட்ணம் கேந்த்ரம்" என்று தெளிவாக விழுந்தது.

அப்போது 1566இல் நாக்பூர் வந்ததெல்லாம் பெரிய விஷயமில்லை. அது 1000 கிலோவாட் நிலையமாக இருந்தது, செட்டைப் போட்டாலே கத்தியது. 1575 சுவாரசியமாக இருந்தது. கிழக்கில் முதலில் இருட்டுவதால் தாய்லாந்திலிருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா முந்திக்கொண்டது. அப்புறம் நேரம் ஏற ஏற, அதே இடத்தில் அமீரகத்திலிருந்து, ஈரானியருக்கான ரேடியோ ஃபர்தாவின் பாரசீக மொழி மேலே வந்தது. நடுவில் கொஞ்ச நேரம் இரண்டும் குழம்பின.

927ஐக் கேட்ட விவரத்தை ஓர் அறிக்கையாக எழுதி தில்லியிலுள்ள ஆகாசவாணிக்கு அனுப்பினேன், கேட்டதை உறுதிசெய்யும் வண்ண அட்டை வந்தது. "நிகழ்ச்சி அருமை" என்று மட்டும் எழுதினால் கிடைக்காது. என்ன பேசினார்கள், எப்போது பாட்டு போட்டார்கள் என்று நிமிடக் கணக்கோடு குறிக்க வேண்டும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரமாகப் போடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு, காலை ஐந்தரைக்குள் கேட்டிருந்தால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும்.