பிட்காயின் வாங்குன உடனே 154 ரூபாய் குறைஞ்சிருச்சு, ஏன்?

நொய்யல்:
வணக்கம்ங்க. கிரிப்டோவுக்கு நான் முழுசாப் புதுசு, ஷேர் மார்க்கெட் பக்கம்கூடப் போனதில்லை. திருப்பூர்ல வேலை. ஒரு இந்திய எக்ஸ்சேஞ்ச் ஆப்ல பான், ஆதார் குடுத்து கேஒய்சி முடிச்சேன். நேத்து என் பேங்க் அக்கவுண்ட்ல இருந்து 5,000 ரூபாய் ஏத்தி, முதல் பக்கத்துல இருக்கற ‘உடனே வாங்கு’ பட்டனை அழுத்தி பிட்காயின் வாங்குனேன். ரசீதுல இருக்கறது இது:

போட்ட தொகை: 5,000
கட்டணம்: 25, ஜிஎஸ்டி: 4.50
வாங்குன விலை (ஒரு பிட்காயினுக்கு): 92,00,000
கிடைச்சது: 0.00054027

அடுத்த நிமிஷம் போர்ட்ஃபோலியோல 4,846 ரூபாய்னு காட்டுது. விலை 89,70,000னு போட்டிருக்கு. உலக மார்க்கெட்ல அந்த நேரத்துல விலை அசையவே இல்லை, பாத்துட்டேன். கட்டணம் போனது புரியுது, மிச்சம் எங்க போச்சு? டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வரி) பிடிச்சுட்டாங்களா?

இன்னொண்ணு, காயினை சொந்த வாலட்டுக்கு (ஆப்ல விடாம நாமளே வச்சுக்கற இடம்) மாத்தலாம்னா அந்த பட்டன் மங்கலா இருக்கு, அழுத்த முடியல. டெலிகிராம்ல பழக்கமான ஒருத்தர், “ஆப்பெல்லாம் எதுக்கு, டாலர் ரேட்டை விடக் கம்மியா யுஎஸ்டிடி (ஒரு டாலர் மதிப்புல நிக்கிற காயின்) நானே தர்றேன்”ங்கறார். போலாமா?

பழைய தரகு:
டிடிஎஸ் இல்லை தம்பி. ரூபாய் குடுத்து எக்ஸ்சேஞ்ச்ல வாங்குறவங்ககிட்ட அது பிடிக்க மாட்டாங்க. விக்கிறவங்ககிட்டதான் 1 சதவீதம் போகும்.

உங்க ரசீதுலயே பதில் இருக்கு. கட்டணமும் ஜிஎஸ்டியும் 29.50. மிச்சம் 4,970.50 ரூபாய்க்கு, 92 லட்சம் விலையில 0.00054027 குடுத்திருக்காங்க. அதையே 89.70 லட்சத்தால பெருக்குங்க, 4,846 வரும். நடுவுல போன 124 ரூபாய் வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இருக்கற இடைவெளி. கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம். நகைக்கடையில இன்னிக்கு வாங்குன வளையலை நாளைக்கே திருப்பிக் குடுத்தா என்ன ஆகுமோ அதேதான்.

‘உடனே வாங்கு’ பட்டன்ல நீங்க வாங்குறது அந்தக் கம்பெனி சொல்ற விலைக்கு. அவங்க லாபம் அந்த விலைக்குள்ளயே இருக்கும், தனி வரியா ரசீதுல வராது. அதே ஆப்ல ‘ஸ்பாட்’ இல்லைன்னா ‘ட்ரேட்’னு ஒரு பகுதி இருக்கான்னு பாருங்க. உள்ள ஆர்டர் புக் இருக்கும். வாங்க நிக்கிறவங்க ஒரு பக்கம், விக்க நிக்கிறவங்க இன்னொரு பக்கம், ஒவ்வொரு விலைக்கும் எவ்வளவு காயின் இருக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அங்க லிமிட் ஆர்டர் போட்டா, நீங்க எழுதுன விலைக்கு மேல ஒரு பைசா போகாது. நேத்து அங்க 90,00,000க்கு விக்க ஆள் இருந்திருந்தா, இதே கட்டணத்துக்கு 0.00055228 கிடைச்சிருக்கும். 1,201 சடோஷி கூடுதல் (ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி).

பிட்காயினுக்கே இப்படின்னா, வாங்க விக்க ஆளே இல்லாத சில்லறைக் காயினுக்கு இடைவெளி இன்னும் மோசமா இருக்கும். ஆர்டர் புக்கைப் பாக்காம எதையும் வாங்காதீங்க.

கிரிப்டோ ஹெல்ப் டெஸ்க்:
[நெறியாளர் நீக்கியது: வாலட் பட்டனைத் திறந்து தருவதாகச் சொல்லி வாட்ஸ்அப் எண் பகிரப்பட்டது. இப்படி யாராவது தனியாகத் தொடர்பு கொண்டால் பதில் போடாதீர்கள். ஓடிபி, ரெக்கவரி சொற்கள் (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்), ஸ்க்ரீன் ஷேர் எதையும் யாருக்கும் தர வேண்டாம்.]

கவுண்ட்டர் நம்பர் 4:
பேங்க்ல வேலை பாக்குறேன், டெலிகிராம் ஆளைப் பத்தி மட்டும் சொல்றேன். தயவுசெஞ்சு போகாதீங்க. இந்தியாவுல யுஎஸ்டிடி பெரும்பாலும் டாலர் ரேட்டை விடக் கூடுதலாத்தான் விக்குது. அதைக் கம்மிக்குத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, காயின் வராமப் போகலாம், இல்லைன்னா அது திருட்டுப் பணத்துல வந்த காயினா இருக்கலாம்.

எங்க கிளையில நான் திரும்பத் திரும்பப் பாக்குறது இதுதான். வேற மாநிலத்துல யாரோ ஏமாந்து 1930க்கு (சைபர் மோசடி புகார் எண்) புகார் பண்ணுவாங்க. பணம் போன வழியில இருக்கற அக்கவுண்ட் ஒவ்வொண்ணையும் போலீஸ் முடக்கச் சொல்லும். அந்த வழியில யுஎஸ்டிடி வித்த பையனோட சம்பள அக்கவுண்ட்டும் இருக்கும். இஎம்ஐ போகாது, வாடகை போகாது, அந்த மாநில ஸ்டேஷனுக்கு மெயில் போட்டு மாசக்கணக்கா அலைவாங்க. இன்னிக்கு நீங்க வாங்குறீங்க, நாளைக்கு விக்கணும்னா இதே ஆட்கள்கிட்டதான் போவீங்க.

கணக்குப்புள்ள:
கவுண்ட்டர் அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். எக்ஸ்சேஞ்ச் இல்லாம தனி ஆள்கிட்ட வாங்குனா, வரம்பைத் தாண்டுறப்ப 1 சதவீத டிடிஎஸ் பிடிச்சுக் கட்டவேண்டிய பொறுப்பு வாங்குற உங்களோடது. யாரும் இதை முதல்லயே சொல்றதில்லை.

விக்கும்போது லாபத்துல 30 சதவீதம், செஸ் சேத்து 31.2. 2022 ஏப்ரல்ல இருந்து இதான். உங்க வருமானம் எந்த ஸ்லாப்ல இருந்தாலும் இதே விகிதம். புதுசா வர்றவங்க தடுக்கி விழற இடம் நஷ்டக் கணக்கு. பிட்காயின்ல 3,000 லாபம், இன்னொரு காயின்ல 3,000 நஷ்டம்னு வைங்க. கையில ஒண்ணும் மிஞ்சலை, ஆனா 3,000க்கு வரி 936 கட்டணும். நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் முடியாது. அதனாலதான் முதல் வருஷத்துல பத்து காயின் வாங்கிப் போடாதீங்கன்னு என்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் சொல்றேன். ஒரு காயினைக் குடுத்து இன்னொண்ணு மாத்துனாலும் வித்த மாதிரிதான் கணக்கு.

வித்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-2 இல்லைன்னா 3ல ‘விடிஏ’ (கிரிப்டோ மாதிரி டிஜிட்டல் சொத்து) அட்டவணை இருக்கும். அந்த ரசீதை இப்பவே பிடிஎஃப்பா இறக்கி வைங்க, ஆப்பை நம்பி விடாதீங்க.

பனிமலர்:
மங்கலான பட்டன்: சில ஆப்கள்ல காயினை வெளிய அனுப்பத் தனியா இன்னொரு சரிபார்ப்பு கேப்பாங்க, சிலதுல புதுசா பணம் போட்டா சில நாள் பூட்டு இருக்கும், சிலதுல அந்த வசதியே கிடையாது. ஆப்புக்கு உள்ள இருக்கற உதவிப் பகுதியில மட்டும் கேளுங்க. கூகுள்ல நம்பர் தேடாதீங்க.

5,000 ரூபாய்க்கு அவசரம் இல்லை. அனுப்புற கட்டணம் தொகையைப் பொறுத்து வராது, காயின்ல ஒரே அளவா எடுப்பாங்க, சின்னத் தொகையில அது பலமா கடிக்கும். தொகை வளந்தப்புறம் சொந்த வாலட் கட்டாயம் வேணும்ங்கறது என் கருத்து. 2024 ஜூலை 18ல வாசிர்எக்ஸ்ங்கற இந்திய எக்ஸ்சேஞ்ச்ல கிட்டத்தட்ட 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின் களவு போய், எல்லாரோட காயினும் ஒரு வருஷத்துக்கு மேல முடங்கிக் கிடந்துச்சு. அதுல மாட்டுன ஒருத்தர் போட்ட வழக்குலதான் 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான்னு சொல்லுச்சு.

மாத்துறப்ப முகவரியைக் காப்பி பண்ணி, முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் சரியான்னு பாருங்க. பிட்காயின் முகவரி இப்ப பெரும்பாலும் bc1ன்னு ஆரம்பிக்கும். நெட்வொர்க் (காயின் போற பாதை) மாறுனா காயின் திரும்ப வர்றது சந்தேகம். முதல்ல துளி அனுப்பி, வந்து சேர்ந்ததும் மிச்சத்தை அனுப்புங்க.

நொய்யல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டெலிகிராம் ஆளை பிளாக் பண்ணிட்டேன். ஸ்பாட் பகுதி இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு பக்கமும் ஓடுது. 500 ரூபாய்க்கு லிமிட் ஆர்டர் போட்டேன். காலையில இருந்து ‘ஓப்பன்’னே நிக்குது, பேலன்ஸ்ல 500 குறைஞ்சிருச்சு, காயின் வரல. பணம் போயிருச்சுங்களா?

பழைய தரகு:
போகல தம்பி. நீங்க எழுதுன விலைக்கு விக்க இன்னும் ஆள் வரல, அதுவரைக்கும் அந்த 500ஐ ஆர்டருக்காகப் பூட்டி வச்சிருக்கும். கேன்சல் குடுத்தா முழுசாத் திரும்பிடும். இல்லைன்னா விக்கிற பக்கத்துல முதல் வரியில என்ன விலை இருக்குன்னு பாத்து, அதுக்கு ஒத்துவந்தா மாத்திப் போடுங்க.