2012 லெக்சஸ் சிடி200எச், 1,90,000 கி.மீ: எடுக்கலாமா?

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் இந்த ஹைபிரிட் கார் விலைக்கு நிற்கிறது. பற்றரியை ஸ்கேன் பண்ணியாச்சு. 14 ப்ளொக்கில் (ஒவ்வொன்றும் இரண்டு மொடியூல், அதாவது செல் தொகுதி) 13 சமமாக நிற்கின்றன. அழுத்தி ஓட்டினால் ஒன்று மட்டும் 1.2 வோல்ட் இறங்குகிறது. ஒரு செல் செத்த கணக்கு. அந்த மொடியூலை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, மற்றவையும் அதே வயசுதானே.

பற்றரியைவிட இன்ஜின்தான் பயம். ப்ரியஸில் உள்ள அதே 1.8 லீற்றர். காலை ஸ்டார்ட்டில் சில விநாடி உதறல், கூலன்ட் 'லோ' கோட்டுக்குக் கீழே. இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கிற பாகம்) கரியால் அடைத்து, ஹெட் கஸ்கட் (சிலிண்டருக்குள் கூலன்ட் கசியாமல் தடுக்கிற தகடு) போகத் தொடங்கிவிட்டதா?

கூலன்ட் லைனுக்கு இரவு முழுக்க பிரஷர் ஏற்றி வைத்து, காலையில் பிளக் கழற்றி போரஸ்கோப் (சின்னக் கமரா) விட்டுப் பார்க்கிற கராஜ் கொழும்பில் எது? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் முழு பற்றரி பக் இப்போது என்ன விலை, எத்தனை மாத வாரன்டி?