பொருள்: காளானின் 'கச்சாப் புரதம்' – மாற்றுச் சொல்

> காட்டுக் காளான் சத்து அட்டவணையிலும் 'கச்சாப் புரதம்' (crude protein) என்றே இடலாமே. பழகிய சொல்தானே?

வணக்கம். கால்நடைத் தீவனத்தோடு அந்தச் சொல் இருக்கட்டும். கச்சா எண்ணெய் சுத்திகரிக்காதது, ஆனாலும் எண்ணெய். இங்கே நாம் புரதத்தை அளப்பதே இல்லை. கெல்டால் முறையில் உலர்ந்த மாவை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, காரம் சேர்த்து, அம்மோனியாவை வடித்து, தரம்பார்த்தலால் (titration) அதிலுள்ள நைட்ரஜனை அளக்கிறோம். கிடைத்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்குகிறோம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற அனுமானம்தான் அந்த 6.25.

காளானில் இது பிசகும். செல்சுவரிலுள்ள கைட்டின் என்ற, புரதமல்லாத பொருளில் ஏறத்தாழ 6.9 விழுக்காடு நைட்ரஜன். ஒரு கிராம் கைட்டின், 0.43 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால்தான் காளானுக்கு 4.38 என்ற பெருக்கெண். உலர் மாவில் நைட்ரஜன் 5 விழுக்காடு என்று வையுங்கள்: 6.25 போட்டால் புரதம் 31.3, 4.38 போட்டால் 21.9. உண்பவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

என் பரிந்துரை: கணிப்புப் புரதம். அமினோ அமிலங்களைப் பிரித்து எண்ணிக் கூட்டியது மெய்ப்புரதம்.

———

> கணிப்புப் புரதம்

ஐயா, வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு என்று 'கணிப்பு' வரப்போவதற்குப் போய்விட்டது. 'நைட்ரஜன்வழிப் புரதம்' என்றால் எண் வந்த வழி சொல்லிலேயே தெரியும். இலங்கையில் நைதரசன்வழி.

> மெய்ப்புரதம்

இது அதிகப்படி. நீராற்பகுப்புக்கு, அதாவது புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்க, மாவை ஐதரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைக்கிறோம். டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அதில் சிதைந்துபோகும். அதற்குத் தனியாகக் காரத்தில் பகுக்க வேண்டும். அதைச் செய்யாத அட்டவணைக்கு 'மெய்' எப்படிப் பொருந்தும்? 'அமினோவழிப் புரதம்' போதும்.

இன்னொன்று. புற்றுக்காளானின் அடித்தண்டு வேர்போலப் புற்றுக்குள் நீளும், மண்ணோடுதான் வரும். மண் சேர்ந்தால் சாம்பல் கூடும், புரத விழுக்காடு குறையும். ஊறவைத்துக் கழுவினாலோ கரையும் அமினோ அமிலங்கள் நீரோடு போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, மண் ஏறிய நுனியை வெட்டிவிடுங்கள்.

———

இரண்டும் ஏற்கிறேன். 'வழி' என்ற ஈறு இரண்டுக்கும் ஒத்துவருகிறது. பெருக்கெண்ணும் ஈரநிலையும் கூடவே வரட்டும். 90 விழுக்காடு நீருள்ள பச்சைக் காளானுக்கு வரி இப்படி:

நைட்ரஜன்வழிப் புரதம் (×4.38): உலர் எடையில் 21.9%, பச்சை எடையில் 2.2%.