டெஸ்டமென்ரரி வழக்கு (இறந்தவரின் சொத்து வழக்கு) முடியுமுன் கொழும்பு வீட்டை விற்கலாமா?

கனடா, ஸ்காபரோவிலிருந்து கேள்வி

வெள்ளவத்தையில் அப்பாவின் பெயரில் 8 பேர்ச் காணி, அதில் மாடி வீடு. மரணசாசனம் எழுதி வைக்கவில்லை. அம்மா அங்கேதான் இருக்கிறா. பிள்ளைகள் மூவர், இருவர் இங்கே, தங்கச்சி லண்டனில். வீட்டை வாங்க ஒருவர் வந்து நிற்கிறார், இந்த வாரமே அட்வான்ஸ் தருகிறாராம். வழக்கு இன்னும் போடவில்லை. என்ன செய்யலாம், அண்ணை?

புதுக்கடையிலிருந்து (கொழும்பு நீதிமன்றப் பகுதி) பதில்

தம்பி, ஆளைப் பிடித்து வைத்திருக்கலாம், விலையும் பேசலாம். உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுத முடியாது. அட்வான்ஸை இப்போது தொடவே வேண்டாம். காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அதற்கு முன் வீடு யாருடையது என்று தெரிய வேண்டும்.

நீங்கள் யாழ்ப்பாணத்து வழி வந்தவர்கள் என்றால் தேசவழமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும், வீடு கொழும்பில் இருந்தாலும் சரி. அப்பா கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய வீடு தேடியதேட்டம். அதில் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் ஆறில் ஒரு பங்கு வீதம். மலையகம், மட்டக்களப்பு, கொழும்புச் செட்டி என்றால் பொதுச் சட்டம், அதாவது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதிலும் கணக்கு இதேதான்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. வித்தியாசம் தெரிவது முதுசத்திலும் (பரம்பரைச் சொத்து) சீதனத்திலும். வீடு அம்மாவின் சீதனமாக இருந்து அம்மா இறந்திருந்தால், தேசவழமைப்படி அது பிள்ளைகளுக்கே போகும், அப்பாவுக்குப் பங்கில்லை. பொதுச் சட்டத்தில் அப்பாவுக்குப் பாதி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சீதனமாக எழுதிய வீடுகள் நிறைய. ஆகவே வழக்குப் போடுமுன் தாய் உறுதியை (வீட்டின் மூல உறுதி) எடுத்து, அது விற்பனை உறுதியா, நன்கொடை உறுதியா, சீதன உறுதியா, யாருக்காவது சீவிய உரித்து (உயிருள்ள வரை அனுபவிக்கும் உரிமை) வைத்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். மனுவில் பங்கைப் பிழையாக எழுதினால் பிறகு திருத்தம், மறுபடியும் அறிவித்தல் என்று மாதங்கள் போகும்.

இறந்தவரின் சொத்து 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். கொழும்பில் ஒரு பேர்ச்சே அதைத் தாண்டுகிற இடங்கள் இருக்கின்றன, எனவே இதில் தப்ப வழியில்லை. உயிர் போன கணமே உரித்து வாரிசுகளுக்கு வந்துவிடும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் லெட்டர்ஸ் (இறந்தவரின் சொத்தை நிருவகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம்) இல்லாத வீட்டுக்கு வாங்குபவரின் வங்கி கடன் தராது, கவனமான நொத்தாரிசு கையெழுத்தும் வைக்க மாட்டார். அந்த நிலையில் வருகிற ஆள் பாதி விலைக்குத்தான் கேட்பார்.

மரணசாசனம் இருந்தால் அதில் பெயர் சொல்லப்பட்ட நிறைவேற்றுநருக்குப் புரோபேட் (சாசனப்படி நடக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) கிடைக்கும். உங்களுக்குச் சாசனம் இல்லாததால் ஒருவர் நிருவாகியாக வந்து லெட்டர்ஸ் எடுக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் அம்மாவே வருவது நல்லது. சத்தியப்பிரமாணத்துக்கும் பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஆள் அங்கே இருக்க வேண்டும். மற்ற மூவரும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்படுவீர்கள். ஆளுக்கொரு சம்மதச் சத்தியக்கடதாசியை அந்தந்த நாட்டு இலங்கைத் தூதரகத்திலோ கொன்சியூலர் கந்தோரிலோ கையெழுத்திட்டு அனுப்பினால் நீதிமன்றம் உங்களைத் தேடி அறிவித்தல் அனுப்பும் காலம் மிச்சம்.

எல்லாரும் இடறுகிற இடம் பெயர். உறுதியில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர் இருக்கும், இறப்புப் பத்திரத்தில் முன்னெழுத்து மட்டும், அடையாள அட்டையில் ஊர்ப் பெயரும் ஒட்டியிருக்கும். பிள்ளைகளின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக மாறியிருக்கும், ஆங்கில எழுத்தில் பெயரிலுள்ள 'தம்பி' ஒன்றில் எச் போட்டும் மற்றதில் போடாமலும் வரும். இவை அத்தனையும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தியக்கடதாசி முதல் நாளே மனுவோடு போகட்டும். இறப்புப் பத்திரம், அம்மாவின் விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் புதிதாக எடுத்த பிரதிகளை வையுங்கள். வெளிநாட்டில் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ வந்த பத்திரம் என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இன்னொன்று. அப்பா உயிரோடு இருந்தபோது மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ கொடுத்த அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகக் கையெழுத்திடக் கொடுக்கும் அதிகாரம்) அப்பாவோடு முடிந்துவிட்டது. அதை வைத்து இப்போது எழுதும் உறுதி செல்லாது. "பழைய தத்துவம் இருக்கே, அதில் எழுதி விடுவோம்" என்று ஒரு புரோக்கர் சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள்.

மனுப் போட்டதும் பத்திரிகையில் அறிவித்தல் வரும். எவரும் எதிர்க்காவிட்டால் கட்டளை, பிறகு லெட்டர்ஸ். எதிர்ப்பே இல்லாத வழக்குக்கும் ஒரு வருடத்தை ஒதுக்கி வையுங்கள். சொத்து அட்டவணையில் வீட்டுக்கு வைக்கும் பெறுமதி பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையிலிருந்து வரட்டும். கட்டணம் குறையும் என்று குறைத்து எழுதினால் விற்கும்போது நீதிமன்றமும் வருமான வரித் திணைக்களமும் அந்த எண்ணையே எடுத்துக் காட்டும்.

லெட்டர்ஸ் கைக்கு வந்ததும் விற்றுவிடலாம் என்று நினைப்பது அடுத்த பிழை. அந்தப் பத்திரத்தை முழுக்க வாசியுங்கள். நீதிமன்றத்தின் விசேட அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கக் கூடாது என்ற வரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதற்கு அதே வழக்கில் இன்னொரு மனு: ஏன் விற்கிறோம், யாருக்கு, என்ன விலைக்கு, புதிய மதிப்பீட்டு அறிக்கை, எல்லா வாரிசுகளின் சம்மதம். பேசிய விலை மதிப்பீட்டை விடக் கீழே இருந்தால் அனுமதி கிடைப்பது கடினம். 18 வயதுக்குக் குறைந்த வாரிசு ஒருவர் இருந்தால் அவருடைய பங்குப் பணத்தைத் தனியே பாதுகாக்கச் சொல்லி நீதிமன்றம் கட்டளை போடும்.

இனி அட்வான்ஸ். வழக்குப் போடுமுன் வாங்கிய காசு செலவாகிவிடும். தேதி தப்பினால் வாங்குபவர் திருப்பிக் கேட்பார், சில ஒப்பந்தங்களில் இரட்டிப்பாக. அந்தக் கடன் கையெழுத்து வைத்தவர்கள் தலையில் விழும். ஒப்பந்தம் எழுதியே ஆக வேண்டுமானால் மூன்று நிபந்தனை போடுங்கள். விற்பனை நீதிமன்ற அனுமதிக்குக் கட்டுப்பட்டது. காலக்கெடு நாட்காட்டித் தேதியில் இல்லை, அனுமதி கிடைத்த நாளிலிருந்து 90 நாள். முற்பணம் சட்டத்தரணியின் பொறுப்பில், அனுமதி வரும் வரை எவரும் தொட முடியாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆள் காத்திருக்கவும் மாட்டார்.

அம்மாவின் பாதி பற்றி ஒரு குறிப்பு. அவவும் அப்பாவின் ஒரு வாரிசு, அந்தப் பாதி அவவின் சொந்த உரித்து. ஆகவே விற்பனை உறுதியில் அம்மா இரண்டு முறை வருவா: தன் பெயரில் ஒரு தடவை, நிருவாகியாக இன்னொரு தடவை. இதை விட்டுவிட்ட உறுதியை வாங்குபவரின் வங்கி சட்டத்தரணி திருப்பி அனுப்புவார்.

ஹரோவிலிருந்து இணைப்பு

அண்ணை சொன்னதோடு காசு விஷயத்தையும் சேர்க்கிறேன். உறுதி பதியும் முத்திரைத் தீர்வை மேல் மாகாணத்தில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். வழக்கமாக வாங்குபவர் கட்டுவார். மூலதன இலாப வரி விற்பவருடையது. தனியாட்களுக்கு 10 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் 15. பழைய சொத்துக்கு 2017 செப்டெம்பர் 30 இன் சந்தைப் பெறுமதிதான் அடிக்கணக்கு. அதனால் மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கும் இறந்த தேதிக்கும் சேர்த்தே இரண்டு அறிக்கை கேளுங்கள். விற்ற பிறகு தேடி ஓடினால் படிவத்துக்கான ஒரு மாதம் கடந்துவிடும். அம்மா அந்த வீட்டிலேயே குடியிருப்பதால் அவவின் பங்குக்கு விலக்கு உண்டா என்று கணக்காளரிடம் கட்டாயம் கேளுங்கள். வாரிசுகள் எல்லாருக்கும் வரி இலக்கம் இப்போதே எடுத்து வையுங்கள்.

விற்ற பணத்தைச் சாதாரண ரூபாய்க் கணக்கில் போட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. புலம்பெயர்ந்தோருக்கான மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு ஒன்றை முதலே திறந்து, உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, நீதிமன்றக் கட்டளை மூன்றையும் அந்தக் கிளையில் கொடுங்கள். எவ்வளவு அனுப்பலாம் என்ற எல்லையை வர்த்தமானி அடிக்கடி மாற்றும், அனுப்பும் வாரத்தில் கிளையிலேயே விசாரியுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து

நன்றி அண்ணை. தங்கச்சி வெளியாருக்கு விற்காமல் எங்கள் பங்கைத் தானே வாங்குகிறேன் என்கிறா. அவவிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும்தான். கீழ் மாடியில் அப்பாவின் மச்சான் குடும்பம் 11 வருடமாக வாடகையின்றி இருக்கிறார்கள்.

புதுக்கடையிலிருந்து

தங்கச்சி தன் ஆறில் ஒரு பங்கை வாரிசாகப் பெறலாம். உங்கள் பங்கை விலைக்கு வாங்குவது வேறு: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை. நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள தொடர்மாடி வீடு என்றால் வேறு கதை, இது காணியோடு கூடிய வீடு. ஆகவே முதலில் அவ இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கட்டும். அது வருமுன் உங்கள் பெயரில் வைத்திருந்து பிறகு எழுதுவோம் என்று வாய்ப்பேச்சில் செய்து கொள்ளாதீர்கள்.

மச்சான் விஷயம்தான் வாங்குபவரை ஓட வைக்கும். பத்து வருடம் எதிருரிமையோடு (சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல்) இருந்தால் ஆட்சியுரிமை கேட்க முடியும் என்பதை அவர்களும் அறிவார்கள். உறவுக்காக இருக்க விட்டது எதிருரிமை ஆகாது, ஆனால் அதை நிரூபிக்க ஒரு கடிதமாவது வேண்டும். அவர்கள் முகம் கோணாமல் இருக்கும்போதே, வீட்டுக்காரரின் அனுமதியோடு இருக்கிறோம், உரிமை கோரவில்லை, கேட்டால் மூன்று மாதத்தில் விடுவோம் என்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி இருவர் சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். சோலை வரியும் (மாநகர சபை வீட்டு வரி) தண்ணீர்ப் பட்டியலும் அப்பாவின் பெயரிலேயே கட்டப்பட்டு வந்த பற்றுச்சீட்டுகளை அடுக்கி வையுங்கள். அவர்கள் வாடகை கட்டியவர்கள் என்றால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தையும் சட்டத்தரணி பார்க்க வேண்டும், விற்பனை அந்தக் குடியிருப்பை முடிக்காது.

இதற்கிடையில் கொழும்புக் காணிப் பதிவகத்தில் உங்கள் பாகத்தின் ஃபோலியோவை (பதிவுப் பக்கம்) தேடி, அப்பாவின் உறுதிக்குப் பின் வேறு பதிவு ஏதும் விழவில்லையா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருப்பவரின் வீட்டுக்குப் போலி உறுதி எழுதுவது கொழும்பில் நடக்கிற காரியம். கெவியட் (வேறு உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவிக்கச் சொல்லும் பதிவு) ஒன்றும் போடச் சொல்லுங்கள். லெட்டர்ஸ் வந்த அன்றே அதையும் அதே ஃபோலியோவில் பதிவியுங்கள். மாநகர சபையில் தெரு எல்லைச் சான்றிதழும் சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் வாங்குபவர் கேட்பார். சோலை வரி நிலுவை இருந்தால் அவை கிடைக்காது, எனவே முதலில் நிலுவையைக் கட்டுங்கள்.