புதுப்பிப்பு: மாத்திரை போட்டோமா, இல்லையா?

பெரியவர்களின் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) பற்றிய முந்தைய பதிவில், மாத்திரைக்கு அலாரம் வைக்கச் சொல்லியிருந்தேன். "அணைத்த கையோடு மறந்துவிடுகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆமாம், கை பழக்கத்தில் அணைத்துவிடும், மனசில் எதுவும் பதியாது. விழுங்கிய பிறகுதான் அணைக்க வேண்டும். அதுவரை ஒத்திப்போடுங்கள், எத்தனை தடவை அடித்தாலும் சரி.

கூடவே ஏழு அறை மாத்திரைப் பெட்டி. வாரம் ஒருமுறை நிரப்புங்கள். இன்றைய அறை காலியென்றால் போட்டாச்சு. நினைவை நம்பி இன்னொன்று போடவே போடாதீர்கள்.

காலையில் விட்டுப்போன மெத்தில்ஃபெனிடேட்டை (ஏடிஎச்டிக்குத் தரும் மருந்து) மாலையில் போட்டால் தூக்கம் போச்சு. அன்றைக்கு விட்டுவிடுங்கள்; மறுநாள் வழக்கமான அளவுதான், இரட்டிப்பு கூடாது. குறுகிய நேர வகை சுமார் 4 மணி நேரமே தாங்கும் என்பதால், மதிய வேளை மாத்திரைக்குத் தனி அலாரம் வையுங்கள்.