பழைய ஹாக்கன்ஹைம்: சிக்கேன் எடுத்தாச்சு, ஆனா ஏஐ கார் மட்டும் அங்கயே பிரேக் அடிக்குது. உதவி!

மழைடயர் (இரவு 11:42)
வணக்கம். ரெண்டு நாளா மண்டை காயுது. ரேஸ் கேம்ல, ஜெர்மனியோட ஹாக்கன்ஹைம் பழைய ட்ராக்ல மூணு சிக்கேனையும் (வேகத்தைக் குறைக்க வச்ச நெளிவு) தூக்கிட்டு நேரா ரோடு போட்டுட்டேன். நான் ஓட்டினா வெண்ணெய் மாதிரி போகுது. ஏஐ கார்ங்க, அதான் கம்ப்யூட்டர் ஓட்டறது, மட்டும் சிக்கேன் இருந்த இடம் வந்தா பேயைப் பாத்த மாதிரி பிரேக் அடிக்குதுங்க. வெறும் ரோட்டுல! பின்னாடி வர்ற நான் போய் இடிச்சு நிக்கறேன். ஏஐ லைன் (நாம ஓட்டிப் பதியற பாதை, அதைத்தான் ஏஐ கார் பின்பற்றும்) புதுசா போட்டாச்சு, அதனால யாரும் அதைச் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை பசங்களோட ரேஸ் வச்சிருக்கேன், சீக்கிரம் ப்ளீஸ்.

பிட்லேன்பாண்டி (11:50)
எந்த கேம்னே சொல்லலையே நண்பா. அசெட்டோ கோர்ஸாவா, ஆர்ஃபேக்டரா? என்ன கார்? ட்ராக் நீயே கட்டினதா, வேற யாரோ செஞ்சதை மாத்தினியா? ஹாக்கன்ஹைம்னா எந்த வருஷத்து ஹாக்கன்ஹைம்?

ரெட்லைன்மாமா (11:53)
ஏஐ ஸ்ட்ரெங்த் (அதோட திறமை அளவு) 100 வை. அக்ரஷனையும் ஏத்து. எனக்கு மோன்ஸால இதே கதைதான், 85ல வச்சிருந்தேன், எல்லா காரும் கல்யாண ஊர்வலம் மாதிரி போச்சு. 100 வச்சதும் சரியாப் போச்சு.

ஸ்லிப்ஸ்ட்ரீம்சிவா (11:58)
எனக்கு என்னவோ பழைய சிக்கேனோட சுவர் மெஷ் (3டி உருவம்) இன்னும் உள்ள கிடக்குன்னு தோணுது. கண்ணுக்குத் தெரியாத, ‘1வால்’னு பேர் வச்ச சுவர் ஏதாவது மிச்சம் இருக்கா பாரு. 3டி எடிட்டர் ப்ளெண்டர்ல எல்லாத்தையும் அன்ஹைட் பண்ணிட்டு தேடு.

மழைடயர் (நள்ளிரவு 12:06)
கேம் அசெட்டோ கோர்ஸாதான், வேற எது. கார் லோட்டஸ் 49, 1960கள்ல வந்த ஃபார்முலா 1 கார். ட்ராக் யாரோ செஞ்சது, 2001 லேஅவுட் (அந்த வருஷத்து ட்ராக் வடிவம்). அதை எடுத்துத்தான் சிக்கேனை நீக்கினேன். சிவா, சுவர் இருந்தா நான் போகும்போது தட்டணுமே? கடைசி கியர்ல கால் எடுக்காம போறேன், ஒண்ணும் தட்டல.

பிட்லேன்பாண்டி (12:11)
சரி. தனி லேஅவுட்டா போட்டியா? அப்படின்னா அந்த லேஅவுட் பேர்ல இருக்கற ஃபோல்டருக்குள்ள ஏஐ ஃபோல்டர், டேட்டா ஃபோல்டர் ரெண்டும் இருக்கணும். லைன் பதிஞ்சதும் ஃபாஸ்ட் லேன் ஃபைல் கடைசில ‘கேண்டிடேட்’னு ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும். அந்த வாலை வெட்டி பேரை மாத்தினியா? இல்லன்னா கேம் பழைய லைனைத்தான் படிச்சிட்டு இருக்கும்.

மழைடயர் (12:15)
மாத்திட்டேன்பா. அதான் சொன்னேனே, லைன் புதுசுன்னு.

மூத்தவளைவு (12:31)
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது. தம்பி, ஏஐ கண்ணால் ரோட்டைப் பார்ப்பதில்லை. நீங்கள் பதிந்த கோட்டின் வளைவைக் கணக்கிட்டுத்தான் எங்கே வேகம் குறைப்பது என்று முடிவெடுக்கும். நேர் ரோட்டில் உங்கள் கோடு நெளிந்திருந்தால் அதற்கு அது ஒரு வளைவு. ஒரே கேள்வி: எதில் ஓட்டி லைன் பதிந்தீர்கள்?

மழைடயர் (12:34)
கீபோர்டு

மூத்தவளைவு (12:36)
நினைத்தேன். இழையை மூடலாம்.

ரெட்லைன்மாமா (12:38)
கீபோர்டுலயா?? லோட்டஸ் 49ஐயா?? உனக்குக் கோயில் கட்டணும்யா.

பாதிகிளட்ச் (12:52)
பிரச்சனை இருக்கட்டும், ஒரு சந்தேகம். லோட்டஸ் 49 ஓட்டறதுன்னா இது 1968 ஹாக்கன்ஹைம்தானே? 2001 ட்ராக்ல சிக்கேனை மட்டும் எடுத்தா 1968 வந்துடாது. அப்ப காட்டுக்குள்ள தடுப்புக் கம்பியே கிடையாது. ரோடு, கொஞ்சம் புல், உடனே மரம். ரேஸ் டிரைவர் ஜிம் கிளார்க் 1968 ஏப்ரல் 7 அன்னைக்கு ஃபார்முலா 2 ரேஸ்ல போய் மோதி இறந்தது மரத்துலதான். அதுக்கப்புறம்தான் கம்பியும் சிக்கேனும் வந்துச்சு. சிக்கேன் இல்லாத ரோட்டுக்குப் பக்கத்துல கம்பி நிக்கறது, சோழர் காலத்துப் படத்துல கைக்கடிகாரம் தெரியற மாதிரி.

ஸ்லிப்ஸ்ட்ரீம்சிவா (12:58)
கிளார்க் ஓட்டினது 49 இல்லப்பா. அது ஃபார்முலா 2, லோட்டஸ் 48.

பாதிகிளட்ச் (1:01)
49ன்னு நான் எங்க சொன்னேன்? திரும்பப் படி.

மூத்தவளைவு (1:04)
வரலாறு பேசுவதென்றால் முழுதாகப் பேசுவோம். 1970இல் நூர்பர்க்ரிங் ஆபத்தானது என்று ஓட்டுநர்கள் மறுத்ததால் ஜெர்மன் கிராண்ட் பிரி ஹாக்கன்ஹைமுக்கு வந்தது. அதற்காகத்தான் சிக்கேன்கள் வைத்தார்கள். ரிண்ட், இக்ஸை ஒரு நொடிகூட வித்தியாசமில்லாமல் வென்ற ரேஸ் அது. ஆக மூன்று சிக்கேனும் 1970 முதல் இருக்கின்றன.

பாதிகிளட்ச் (1:09)
மூணு இல்லைங்க, ரெண்டு. போற நேர்பாதைல ஒண்ணு, திரும்பி வர்றதுல ஒண்ணு. கோடில இருக்கற ஆஸ்ட்கர்வ் அப்ப முழு வேக வலது வளைவு. 1980 ஆகஸ்ட்ல டிரைவர் டெபயே டெஸ்டிங்ல இறந்தது அங்கதான். அதுக்கப்புறம் 1982லதான் மூணாவது சிக்கேன் வந்துச்சு. வந்த வருஷமே அதுல சலசாரும் பிக்கேயும் மோதி, பிக்கே இறங்கி வந்து சலசாரைக் குத்தினாரே, டிவில எல்லாரும் பாத்தது. அந்த சிக்கேன் 1970லயே இருந்திருந்தா டெபயே இறந்திருக்க மாட்டாரோ என்னவோ.

மூத்தவளைவு (1:12)
சொல்ல வந்தது அதுவேதான். தட்டச்சில் மூன்று என்று விழுந்துவிட்டது.

பிட்லேன்பாண்டி (1:13)
😂

நிதானி (காலை 7:20)
இப்பதான் பாத்தேன். கீபோர்டு நெளிவு ஒரு காரணமா இருக்கலாம். ஆனா நெளிவுன்னா நேர்பாதை பூராவும் அங்கங்க தயங்கணும். இவர் சொல்றது சரியா சிக்கேன் இருந்த இடத்துல மட்டும். மழைடயர், ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, கார் பிரேக் போடறது சிக்கேன் இருந்த இடத்துலயேவா, இல்ல கொஞ்சம் முன்னாடியா? ரெண்டு, லேஅவுட்டோட டேட்டா ஃபோல்டர்ல என்னென்ன ஃபைல் இருக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க.

ரெட்லைன்மாமா (7:41)
ஸ்ட்ரெங்த் 100 வச்சானான்னு முதல்ல கேளுங்கம்மா.

பாதிகிளட்ச் (9:15)
பேச்சு வந்துடுச்சு, அதனால சொல்றேன். ஹாக்கன்ஹைமைக் கொன்னது சிக்கேன் இல்ல, 2002. ட்ராக் வடிவமைக்கற டில்கே வந்து 6.8 கிலோமீட்டரை 4.574 ஆக்கினார். காட்டு ரோட்டைப் பேத்து எடுத்து மரம் நட்டுட்டாங்க. இனிமே நினைச்சாலும் திரும்ப வராது. பெல்ஜியத்துல ஸ்பா ட்ராக்கைக்கூட 1979ல பாதியாக் குறைச்சாங்க, ஆனா பழைய ரோடு ஊர் ரோடா இன்னும் இருக்கு, கார்ல போய்ப் பாக்கலாம். இங்க காடுதான் இருக்கு. அதனாலதான் இந்த மாதிரி ட்ராக்கெல்லாம் கேம்லயாவது ஒழுங்கா இருக்கணும்னு கேக்கறேன்.

ஸ்லிப்ஸ்ட்ரீம்சிவா (9:32)
அந்தக் காலத்துல காட்டுக்குள்ள கார் போனா உக்காந்திருக்கறவனுக்கு என்ன தெரியும்? சத்தம் மட்டும்தான். ஸ்டேடியத்துக்குள்ள வரும்போது எட்டிப் பாக்கலாம். இப்ப பாராபோலிகா வளைவு முடிஞ்சு ஹேர்பின்ல ஓவர்டேக்காவது நடக்குது. டில்கேவைத் திட்டறது ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு.

பாதிகிளட்ச் (9:40)
ஓவர்டேக் பழைய ட்ராக்ல இல்லையா? 2000ல பாரிகெல்லோ 18வது இடத்துல ஆரம்பிச்சு ஜெயிச்சது எந்த ட்ராக்ல?

ஸ்லிப்ஸ்ட்ரீம்சிவா (9:44)
அது மழையும், ட்ராக்ல ஒரு ஆள் நடந்து வந்ததால, எல்லாரையும் மெதுவாக்க வந்த சேஃப்டி காரும் பண்ணின வேலை. காடு பண்ணல.

பிட்லேன்பாண்டி (9:47)
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிங்கய்யா, நான் வந்து படிக்கறேன். கேட்டவன் எங்க?

மழைடயர் (மதியம் 1:30)
ஆபீஸ்ல இருக்கேன். நேத்து ராத்திரி ஃப்ரெண்டோட வீல் வாங்கி லைன் திரும்பப் பதிஞ்சேன், கோடு பளிச்சுனு இருக்கு. அப்பவும் அதே கூத்து. அக்கா, நீங்க கேட்டது: சரியா அந்த இடம்னு சொல்ல முடியாது, ஒரு பத்து மீட்டர் முன்னாடி மாதிரி தெரியுது. டேட்டா ஃபோல்டர்ல கேமராஸ், மேப், சர்ஃபேசஸ், அப்புறம் ஏஐ ஹின்ட்ஸ்னு ஒரு ஐஎன்ஐ ஃபைல். அது ஒரிஜினல்லயே இருந்துச்சு, நான் தொடல.

மூத்தவளைவு (1:36)
வீலில் பதிந்தும் வரவில்லை என்றால் பதிவில் வேறு பிழை செய்திருப்பீர்கள். ஒரு முறை எனக்கு ஃபைலை அனுப்பினால்…

நிதானி (1:58)
பதிவுல பிழை இல்லைங்க. அந்த ஹின்ட்ஸ் ஃபைல்தான். நோட்பேடுல திறந்து பாருங்க, ஹின்ட்_0, ஹின்ட்_1னு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஸ்டார்ட், எண்ட், வேல்யூ மூணு வரி. ஸ்டார்ட்டும் எண்டும் லேப்ல எவ்வளவு தூரம்ங்கற பின்னம், 0ல இருந்து 1 வரைக்கும். வேல்யூ 1ஐ விடக் குறைஞ்சா அந்த இடத்துல ஏஐ மெதுவாப் போகும். லைன் எவ்வளவு நல்லா இருந்தாலும் அதுக்கு மேல இது உக்காந்துக்கும்.

முதல்ல செஞ்சவர் சிக்கேன்ல ஏஐ கார் குத்திக்குதேன்னு இதைப் போட்டிருப்பார். நீங்க சிக்கேனை எடுத்தீங்க, அவர் எழுதி வச்ச எச்சரிக்கை அப்படியே இருக்கு. பத்து மீட்டர் முன்னாடின்னு சொன்னதும்தான் எனக்கு உறுதியாச்சு. சிக்கேன் நெளிவை நேராக்கினதுல லேப் நீளம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். பின்னம் அதே, மொத்த நீளம் குறைவு. அப்ப அந்த இடம் ஸ்டார்ட் கோட்டுப் பக்கமா நகர்ந்துதானே வரும்.

0.2 கிட்ட ஒண்ணும் 0.6 கிட்ட ஒண்ணும் இருந்தா ரெண்டையும் அழிச்சிடுங்க. அழிச்சதும் மீதி இருக்கறதுக்கு நம்பர் 0ல இருந்து வரிசையாப் போடுங்க. நடுவுல ஆஸ்ட்கர்வுக்கு இருக்கறதை அழிக்க வேணாம், வேல்யூவை மட்டும் 0.95 போல ஏத்துங்க. சிக்கேன் போனாலும் அது வளைவுதான், இந்த 49ல காரை ரோட்டோட அழுத்தற விங்கும் கிடையாது.

பிட்லேன்பாண்டி (2:03)
அக்கா, நீங்க டாக்டரா பொறந்திருக்கணும். மழைடயர், 0.2ல வேல்யூ எவ்வளவு போட்டிருந்தார்னு பாத்துச் சொல்லு, ஆர்வமா இருக்கு.

மூத்தவளைவு (2:10)
ஹின்ட்ஸ் ஃபைலை முதலில் பார்ப்பது அடிப்படை. அதைச் செய்திருப்பார் என்று எண்ணிவிட்டேன்.

பாதிகிளட்ச் (2:25)
அந்தக் கம்பியையும் எடுத்துடு மழைடயர். மரம் ரோட்டுப் பக்கம் வரணும். அப்பதான் 1968.

ஸ்லிப்ஸ்ட்ரீம்சிவா (2:31)
கம்பியை எடுத்தா மரத்துக்கெல்லாம் கொலிஷன் (இடிச்சா காரைத் தடுக்கறது) போடணும். மரம் எத்தனைன்னு நினைக்கறீங்க? ஒவ்வொண்ணுக்கும் மெஷ்னா கம்ப்யூட்டர் வெந்து போகும். மரத்துக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரே சுவர் போதும்.

பாதிகிளட்ச் (2:34)
தெரியாத சுவர்னா அது கம்பிதானே? பேரை மாத்தினா ஆச்சா?

மழைடயர் (ஞாயிறு இரவு 10:55)
ஹின்ட்ஸ்தான். வேல்யூ 0.45 இருந்துச்சு. அழிச்சேன், போயிடுச்சு. நன்றி அக்கா. ஆஸ்ட்கர்வ்ல இப்ப ரெண்டு கார் நேரா காட்டுக்குள்ள போகுது, அதை அப்புறம் பாக்கறேன்.

நிதானி (10:58)
அங்க 0.9 போட்டுப் பாருங்க.

பிட்லேன்பாண்டி (11:02)
ரேஸ்ல யாரு ஜெயிச்சது? ட்ராக்கை எங்களுக்கும் கொடேன்பா.

பாதிகிளட்ச் (11:07)
கம்பி எடுத்தியா இல்லையா?

ரெட்லைன்மாமா (திங்கள் காலை 6:15)
அப்ப ஸ்ட்ரெங்த் எவ்வளவு வச்சிருந்தே?