'நெட்டிரவு': குளிர்காலப் பெருவிழாக்களுக்கு ஒரு பொதுச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பியப் பழஞ்சமயங்களின் டிசம்பர் விழாக்கள் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் 'வின்டர் சால்ஸ்டிஸ்' (ஆண்டின் மிகக் குறுகிய பகலும் மிக நீண்ட இரவும் வரும் நாள்) என்பதற்கு எந்தச் சொல்லை ஆள்வது என்று நண்பர் தொடங்கிய இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். கதிர்த்திருப்பம், மகர சங்கராந்தி, வடசெலவுத் தொடக்கம், குறும்பகல் நாள் என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒரே சொல்லைத் தேடுவதால்தான் நாம் முடிவுக்கு வர இயலாமல் இருக்கிறோம் என்பது என் எண்ணம். வானில் நிகழ்வது ஒன்று. அந்த நிகழ்வை ஒட்டி மக்கள் கூடிக் கொண்டாடியது வேறொன்று. முன்னதற்குக் கதிர்த்திருப்பமே போதும். பின்னதற்கு 'நெட்டிரவு' என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

மகர சங்கராந்தியை முதலில் விலக்கிவிடலாம். ஞாயிறு தென்கோடியைத் தொட்டுத் திரும்பும் நாளும் மகர ராசிக்குள் நுழையும் நாளும் ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தன. பஞ்சாங்கங்கள் அயனாம்சம் என்று குறிக்கும் விலகல் இப்போது 24 பாகையளவு வளர்ந்துவிட்டதால், திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22இலும் சங்கராந்தி சனவரி நடுவிலும் வருகின்றன. வட ஐரோப்பியரின் குளிர்கால விழாவான யூலைப் பற்றிப் படிக்கும் மாணவர் அதைப் பொங்கலோடு சேர்த்து எண்ணிக்கொள்ள நாமே வழிசெய்துவிடக் கூடாது. 'வடசெலவுத் தொடக்கம்' அழகான தமிழ்தான். ஆனால் பெரு நாட்டின் குசுக்கோவில் ஞாயிற்றுக்கு எடுக்கப்படும் இன்டி ராய்மி விழா சூன் மாதத்தில் வருகிறது. அங்கே அதுவே குளிர்காலத் திருப்பம்; அப்போது தொடங்குவதோ தென்செலவு. திசையைச் சொல்லும் பெயர் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பொருந்தாமல் போகிறது.

பிற மொழியினர் இந்த நாளில் எதைக் கண்டு பெயரிட்டார்கள் என்பதைப் பார்த்தால் நமக்கு வழி கிடைக்கும். இலத்தீனின் 'சோல்ஸ்டிட்டியம்' ஞாயிறு நிற்பதைச் சொல்கிறது. அடிவானில் அது எழும் இடம் சில நாள்கள் நகராமல் நிற்பது போலத் தோன்றுவதே காரணம். அதே மொழியின் 'புரூமா' என்ற சொல்லுக்கு, பகல் மிகக் குறுகியதாக இருப்பதால் வந்த பெயர் என்று உரோம அறிஞர் வார்ரோ விளக்கம் தந்தார். சீனரின் 'தோங்சி'யில் உள்ள 'சி' எல்லையைத் தொடுதல் என்னும் பொருளுடையது. கி.பி. 725இல் எழுதிய ஆங்கிலத் துறவி பீட், டிசம்பர், சனவரி ஆகிய இரு மாதங்களையும் தம் முன்னோர் 'ஜியூலி' என்று அழைத்ததாகவும், ஞாயிறு திரும்பிப் பகல் வளரத் தொடங்கும் நாளால் அந்தப் பெயர் வந்ததாகவும் குறிப்பிடுகிறார். யூல் என்பதன் பழைய வடிவம் இது. நிற்றல், குறுகல், எல்லை, திரும்பல் ஆகிய நான்கில் தமிழ் திரும்பலைத் தேர்ந்திருக்கிறது. ஆகவே கதிர்த்திருப்பத்தை மாற்ற எனக்கு மனமில்லை.

விழாக்களின் பெயர்களுக்கு வரும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. பீட் குறிப்பிடும் பழைய ஆங்கிலேயரின் ஆண்டுத் தொடக்க விழா 'மோத்ராநிட்', அதாவது அன்னையர் இரவு. வட ஐரோப்பாவின் யூல் முற்காலத்தில் 'ஹோக்குநோத்' எனப்பட்ட நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவுகள் நடந்தது என்றும், பத்தாம் நூற்றாண்டு நார்வே அரசர் ஹாகோன் அதைக் கிறித்து பிறப்புப் பெருவிழாவின் நாளுக்கு மாற்றினார் என்றும் ஐஸ்லாந்தின் வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதிவைத்திருக்கிறார். ஈரானில் இதே நாளில் வரும் யல்தா விழா இன்றும் 'ஷப்', அதாவது இரவு, என்றே பெயர் பெற்றிருக்கிறது. வீட்டின் மூத்தவரைச் சுற்றி அமர்ந்து, மாதுளையும் தர்ப்பூசணியும் உண்டு, பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைகளை வாசித்தபடி விழித்திருக்கிறார்கள். இவர்கள் பெயரிட்டது அந்த நாளுக்கு அன்று, அந்த இரவுக்கு.

தமிழில் இதற்கு முன்பே ஒரு சொல் இல்லாமல் போனதில் வியப்பில்லை. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி 20 நிமிட அளவுக்கு நீள்கிறது; மிக நீண்ட பகலோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. டப்ளினில் அந்தப் பகல் ஏழரை மணி நேரம்; ரெய்க்யாவிக்கில் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நாம் உணர்ந்திராத ஓர் இரவுக்கு நாம்தான் இப்போது பெயர் தர வேண்டியிருக்கிறது.

நெடுமையோடு எழுத்து சேர்ந்து நெட்டெழுத்து என்றும், உயிர்ப்பு சேர்ந்து நெட்டுயிர்ப்பு என்றும் ஆவது போல, இரவு சேர்ந்தால் நெட்டிரவு ஆகும். நள்ளிரவுக்குப் பழகிய காதுக்கு இது உடனே விளங்கும். நெட்டிரவு விழா, நெட்டிரவுத் தீ, நெட்டிரவுப் படையல் என்று தொடர்களுக்கும் இடம் தருகிறது. குசுக்கோவுக்கும் ஆஸ்லோவுக்கும் ஒருங்கே பொருந்துகிறது.

எல்லா இடத்திலும் இதைப் புகுத்திவிடக் கூடாது என்பதையும் நானே சொல்லிவிட வேண்டும். உரோமரின் சாட்டர்னாலியா டிசம்பர் 17இல் தொடங்கிப் பின்னாளில் 23 வரை நீண்ட விழா. ஆண்டான் அடிமைக்கு உணவு பரிமாறியதும், மெழுகுத்திரிகளும் சிறு மண்பொம்மைகளும் கைமாறியதும் அதன் அடையாளங்கள். அதை அதன் பெயராலேயே எழுதுவோம். அயர்லாந்தின் நியூகிரேஞ்சும் அப்படியே. கி.மு. 3200ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அந்தக் கல்லறையின் வாயிலுக்கு மேல் தனியாக ஒரு திறப்பு உண்டு. திருப்பத்தை ஒட்டிய சில விடியல்களில் அதன் வழியே நுழையும் ஒளி 19 மீட்டர் நீள வழியைக் கடந்து உள்ளறையில் 17 நிமிட அளவு தங்குகிறது. அகழாய்வாளர் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று அதை உள்ளே இருந்து கண்டார். நான் கோடையில் அங்கே சென்றபோது வழிகாட்டி விளக்குகளை அணைத்துவிட்டு மின்னொளியால் அந்த விடியலை நடித்துக் காட்டினார். என் கையே எனக்குத் தெரியாத இருட்டில், தரையோடு தரையாக ஒரு மஞ்சள் கோடு ஊர்ந்து வந்து அகன்றபோது பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அடங்கிப்போனார்கள். அது விடியலுக்காகக் கட்டிய இடம்; அங்கே கதிர்த்திருப்பம் என்பதே சரி.

வரைவில் நியூகிரேஞ்சைப் 'பாதைக் கல்லறை' என்று எழுதியிருக்கிறீர்கள். 'இடைகழிக் கல்லறை' என மாற்றலாமே; இடைகழி என்பது வீட்டு வாயிலை ஒட்டிய குறுகிய நடை. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று ஆழ்வார்கள் மழையிரவில் நெருங்கி நின்றதாகச் சொல்லப்படும் திருக்கோவலூர் இடைகழியை அறிந்தவர்களுக்கு, அந்தக் குறுகலும் இருட்டும் சொல்லிலேயே வந்துவிடும்.

கிறித்தவத்துக்குப் புறம்பான பழஞ்சமயத்தவரைக் குறிக்கும் 'பேகன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'அஞ்ஞானம்' வேண்டவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தரங்கம்பாடியின் கிறித்தவ மறைப்பணி அச்சகம் 1713இல், அஞ்ஞானத்தின் மறுவடிவான 'அக்கியானம்' என்ற பெயரில் ஒரு சிறுநூலை வெளியிட்டது நம் முன்னோரின் வழிபாட்டைப் பழிப்பதற்காகத்தான். நம்மேல் எறியப்பட்ட சொல்லை எடுத்து நாம் இன்னொருவர்மேல் எறிவது முறையாகாது. 'புறச்சமயம்' சைவ சித்தாந்தத்தில் வரையறுத்த பொருளுடைய சொல். அதையும் தொட வேண்டாம். 'நாட்டார் சமயம்' என்னை வெகுவாக ஈர்த்தது. 'பேகன்' என்பதன் வேரான இலத்தீன் 'பாகுஸ்' ஊர்கள் பல சேர்ந்த வட்டாரம். சோழர் கல்வெட்டுகளின் 'நாடு' ஏறத்தாழ அதுவே. ஆயினும் சாட்டர்னாலியா உரோம அரசே எடுத்த விழா என்பதால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது. கிறித்தவத்துக்கு முந்தியவற்றுக்குத் 'தொல்சமயம்' என்றும், இன்று தம்மைப் 'பேகன்' என்று அழைத்துக்கொள்வோருக்குப் 'பேகனியர்' என்றும் எழுதலாம்.

யூல் இரவில் எரிக்கும் பெருங்கட்டைக்கு ஒரு நண்பர் தந்த 'யூல் கொள்ளி' ஓசையில் நன்றாக இருந்தாலும், கொள்ளி என்றதும் நமக்கு இழவு வீடுதான் நினைவுக்கு வரும். அந்தக் கட்டையின் கரிந்த துண்டை எடுத்துவைத்து, அதைக் கொண்டே அடுத்த ஆண்டின் கட்டையைப் பற்றவைப்பார்கள். வீட்டின் நலம் தொடரும் என்பது நம்பிக்கை. எனவே குளிர்காயும் தீயைக் குறிக்கும் கணப்பிலிருந்து 'கணப்புக்கட்டை' என்று கொள்வது தகும்.

புல்லுருவியைப் பற்றிய பத்தியில் ஒரு திருத்தம். கெல்டியப் பூசாரிகளான துருயிதுகள் பொன்னரிவாளால் அதை ஓக் மரத்திலிருந்து அறுத்தார்கள் என்று உரோம எழுத்தாளர் பிளினி சொல்வது உண்மைதான். ஆனால் அவர் குறிக்கும் நாள் வளர்பிறையின் ஆறாம் நாள். கதிர்த்திருப்பத்தை அவர் குறிப்பிடவில்லை. அதைக் கதிர்த்திருப்பத்தோடு சேர்க்கும் வரியை நீக்கிவிடுங்கள்.

கட்டுரையின் முதல் வரியை இப்படி அமைக்கலாம்: "குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டி வரும், ஆண்டின் மிக நீண்ட இரவு நெட்டிரவு எனப்படும்; அன்று தீ வளர்த்தும் பசுமை மாறாத கிளைகளை வீட்டில் கட்டியும் விழித்திருக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு." மாற்றுக் கருத்துள்ளவர்கள் வரைவு பதிப்புக்குப் போகுமுன் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இடைகழி, கணப்பு ஆகிய இரண்டும் அங்கே வழக்கில் உண்டா என்று தெரிவித்தால் பெரிதும் உதவும்.

அன்புடன்.